மூச்சு சொல்லும் குடலின் சேதி

சென்ற தைத் திங்களில் என் பழைய மாணவர் ஒருவர் அரியலூரிலுள்ள என் இல்லத்திற்கு வந்திருந்தார். அவருக்கு இப்போது நாற்பது வயது கடந்துவிட்டது. ஒன்பது வயது மகளையும் உடன் அழைத்து வந்திருந்தார். ஊர்ச் செய்திகளைப் பேசி முடித்த பின்னர், தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்: "சார், ஊதிப் பார்த்தே குடல் நோயைக் கண்டுபிடிக்கலாம் என்று படித்தேன். உண்மைதானா? உண்மையானால் இவளை எங்கே அழைத்துப் போகவேண்டும்?"

அவர் அவ்வாறு கேட்டதற்குத் தக்க காரணம் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுகிறேன். நான் மருத்துவன் அல்லன். 32 ஆண்டுகள் பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிப் பள்ளிகளில் பணியாற்றி, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். எனவே அவருக்கு உடனே விடை கூறவில்லை. நூல்களைப் படித்தும், மருத்துவ நண்பர்களைக் கேட்டும் தெளிந்த பின்னரே விடை கூறினேன். அவ்விடை பெற்றோர் பலருக்கும் ஆசிரியர் பலருக்கும் பயன்படக்கூடும் என்பதால், அதனையே இன்று நேயர்கள் முன் வைக்கிறேன்.

மூச்சைச் சோதித்தல் என்றவுடன் ஏதோ புதுமை என்று திகைக்கவேண்டியதில்லை. அச்சோதனையை நாம் எல்லோரும் பள்ளியில் செய்திருக்கிறோம். அரியலூர்ச் சீமையில் பிறந்தவர்க்குச் சுண்ணாம்புக்கல்லை அறிமுகப்படுத்த வேண்டுவதில்லை. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே அலை வீசிய கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் கூடுகளும் படிந்து இறுகிய கல் அது. இன்று சிமெண்டு ஆலைகள் அதனைத்தான் அரைக்கின்றன. அக்கல்லைக் காளவாயில் சுட்டு, நீற்றி, நிறைய நீரில் கலக்கித் தெளிய வைத்தால் மேலே நிற்பது சுண்ணாம்புத் தெளிநீர். அதைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, ஒரு குழாயைக் கொடுத்து, "ஊது" என்பேன். பிள்ளைகள் ஊதுவார்கள். கண்ணாடி போன்ற நீர் பாலாக வெளுக்கும். வகுப்பு முழுவதும் வியந்து கைதட்டும்.

நிகழ்ந்தது என்ன? மூச்சிலிருக்கும் கரியமிலவாயு சுண்ணாம்போடு கூடி, மீண்டும் சுண்ணாம்புக்கல்லின் பொருளாகவே மாறி, நுண்துகள்களாக மிதக்கின்றது. கல்லைச் சுட்டபோது காளவாயிலிருந்து எந்த வாயு பிரிந்து சென்றதோ, அதே வாயுதான் குழந்தையின் மூச்சிலிருந்து திரும்பி வந்து சேர்கிறது. 1750களில் ஸ்காட்லாந்து நாட்டு ஜோசப் பிளாக் என்பார் இவ்வாயுவை ஆராய்ந்தபோது, மனிதன் விடும் மூச்சிலும் அது இருப்பதைச் சுண்ணாம்பு நீரைக் கொண்டே காட்டினார். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை மூச்சு வெளியே கொண்டுவருகிறது; தக்க பொருளைக் கொண்டு அதனைக் கண்ணுக்குத் தெரியச் செய்யலாம். மூச்சுச் சோதனை அனைத்துக்கும் அடிப்படை இதுவே.

நாம் உள்ளிழுக்கும் காற்றில் பிராணவாயு 100க்கு 21 பங்கு. கரியமிலவாயு 100க்கு 0.04 பங்குதான். வெளிவிடும் மூச்சிலோ பிராணவாயு ஏறக்குறைய 16 பங்காகக் குறைந்து, கரியமிலவாயு 4 பங்காக உயர்ந்துவிடுகிறது. ஆனால் மூச்சில் இருப்பவை இவை மட்டும் அல்ல. கட்டுக்கடங்காத நீரிழிவு முற்றியவரின் மூச்சில் கனிந்த பழத்தின் மணம் வீசும். அசிட்டோன் என்னும் பொருளே அதற்குக் காரணம். சிறுநீரகம் செயலிழந்தவரின் மூச்சில் மூத்திர வாடை தோன்றும். கல்லீரல் கெட்டவரின் மூச்சுக்கும் தனி வாடை உண்டு. பண்டைக் கிரேக்க மருத்துவர்கள் நோயாளியின் மூச்சை முகர்ந்து பார்த்தனர். நம் சித்த மருத்துவர்களோ நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என எண்வகைத் தேர்வு வகுத்தனர். அவ்வெட்டில் மூச்சுக்குத் தனியிடம் இல்லை. மலத்திற்கு இடம் இருக்கிறது என்பதை நேயர்கள் நினைவில் கொள்ளவேண்டும். நம் பேச்சு அங்கே திரும்பி வரும்.

இனி, என் மாணவரின் கதைக்கு வருகிறேன்.

1990களின் பிற்பகுதி அது. இன்றைய அரியலூர் மாவட்டம் அப்போது பெரம்பலூர் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. ஆண்டிமடம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு சிறுவன் என் வகுப்புக்கு வந்தான். தாய் முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை செய்தவர். பையன் அறிவாளி; ஆனால் மெலிந்தவன். பாடம் நடக்கும்போது எழுந்து நின்று, "சார், வெளியே போய் வரட்டுமா?" என்று கேட்பான். ஒருமுறை அன்று, காலையில் இருமுறை, மாலையில் இருமுறை. முதலில் அனுப்பினேன். பிறகு கடிந்துகொண்டேன். ஒருநாள், "மணி அடிக்கும்வரை உட்கார்" என்று கட்டளையிட்டேன். அவன் உட்கார்ந்தான். அன்று அவனுக்கு நேர்ந்ததைப் பிற பிள்ளைகள் கண்டு சிரித்தார்கள். மறுநாளிலிருந்து ஒரு வாரம் அவன் பள்ளிக்கு வரவில்லை.

வீட்டில் அவனுக்குப் பூச்சி மருந்து கொடுத்தார்கள். உடற்சூடு என்று விளக்கெண்ணெய் தடவினார்கள். பின்னர் ஒரு மருத்துவர் குடற்காசம் என்று கருதி ஆறு மாதம் மருந்து கொடுத்தார். நோய் தீரவில்லை. இறுதியில் திருச்சிக்கும் பின்னர்ச் சென்னைக்கும் அழைத்துச் சென்றனர். ஆசனவாய் வழியாக உள்நோக்கிக் குழாயைச் செலுத்திப் பார்க்கவேண்டும் என்றபோது, தந்தை, "பச்சைப் பிள்ளைக்கு இந்தப் பாடு வேண்டாம்" என்று மறுத்து ஊருக்குத் திருப்பி அழைத்து வந்துவிட்டார். மேலும் சில மாதங்கள் கழிந்தன. பையன் எழுந்து நடக்க இயலாத நிலை வந்த பின்னரே சோதனை நடைபெற்றது. அவனுக்கு இருந்தது கிரோன் நோய்.

அச்செய்தி அறிந்த அன்று, பள்ளியின் உடல்நலப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினேன். ஏழாம் வகுப்பில் அவன் உயரம் 132 சென்டிமீட்டர். எட்டாம் வகுப்பிலும் 132 சென்டிமீட்டர். எடை 27 கிலோ. அடுத்த ஆண்டு 25 கிலோ. இரண்டு ஆண்டும் அளந்தவன் நான், எழுதியவன் நான். எழுதியதை ஒருமுறையேனும் ஒப்பிட்டுப் படிக்கவில்லை.

குடல் அழற்சி நோய் என்று பொதுவாக வழங்குவது ஒரே நோய் அன்று. பெருங்குடலின் உட்பூச்சில் மட்டும் புண் தோன்றுவது பெருங்குடல் புண் நோய். இதனை இலண்டன் மருத்துவர் சாமுவேல் வில்க்ஸ் 1859இல் குறிப்பிட்டார். வாய் முதல் ஆசனவாய் வரை எவ்விடத்திலும் தோன்றக்கூடியது, குடற்சுவரின் முழுத் தடிப்பையும் பற்றக்கூடியது, மற்றொன்று. 1932இல் நியூயார்க் நகரில் பர்ரில் கிரோனும் அவருடைய தோழர் இருவரும் இதனை விளக்கி எழுதினர். அவர் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. உடலைக் காக்கவேண்டிய வெள்ளணுப் படை, தன் குடலையே பகையெனக் கருதிப் போரிடுவது போன்ற நிலை இது. பரம்பரையும் குடலில் வாழும் நுண்ணுயிர்களும் சூழ்நிலையும் சேர்ந்து இதனை விளைவிக்கின்றன என்பர்.

இந்நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அது குழந்தைப் பருவத்திலோ குமரப் பருவத்திலோ தொடங்குகிறது. வளர்ந்தவர்க்கு நோய் துன்பம் மட்டுமே தரும். குழந்தைக்கோ அது வளர்ச்சியையும் திருடிக்கொள்கிறது. உண்டது உடலில் ஒட்டாது. அழற்சியும் வளர்ச்சியைத் தடுக்கும். பருவம் அடைதல் தள்ளிப்போகும். எலும்புகளின் வளர்முனைகள் மூடிக்கொள்வதற்கு முன் நோயை அடக்கினால் இழந்த உயரத்தை மீட்கலாம். காலம் கடந்தால் இயலாது. ஆதலின் இந்நோயில் தாமதம் என்பது வெறும் நாட்கணக்கு அன்று.

இன்று நோயை உறுதி செய்யும் வழி யாது? உள்நோக்கிக் குழாயைச் செலுத்திக் குடலை நேரே கண்டு, சிறு சதைத் துணுக்குகளை எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்வதே. குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்தே இதனைச் செய்வர், வலி தெரியாது. ஆயினும் முன்னாள் முழுதும் பேதி மருந்து குடித்துக் குடலைக் கழுவவேண்டும்; பட்டினி கிடக்கவேண்டும். சிற்றூரிலிருந்து பெருநகரத்துக்குச் செல்லவேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, பெற்றோர் உள்ளத்தில் எழும் அச்சமும் நாணமும் உண்டு. என் மாணவனின் தந்தையைத் தடுத்து நிறுத்தியவை அவ்விரண்டுமே. ஊதினால் போதும் என்னும் சோதனை ஒன்று அன்று இருந்திருந்தால்? இந்த வினாவே ஆராய்ச்சியாளரையும் இயக்குகிறது.

குடலில் நடப்பது மூச்சில் எப்படித் தெரியும்? வயிறு கீழே, நுரையீரல் மேலே. இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று மாணவர்கள் கேட்பதுண்டு. பூண்டு தின்றவரைக் கேட்டால் தெரியும். வாயை எத்தனை முறை கொப்புளித்தாலும் மணிக்கணக்கில் அந்த வாடை போவதில்லை. காரணம், பூண்டிலிருந்து உண்டாகும் ஒரு கந்தகப் பொருள் குடலில் உறிஞ்சப்பட்டு, இரத்தத்தில் கலந்து, நுரையீரலை அடைந்து, மூச்சோடு வெளியேறுவதே. குடலிலிருந்து கல்லீரல், கல்லீரலிலிருந்து இதயம், இதயத்திலிருந்து நுரையீரல் என்பது இரத்தம் செல்லும் பாதை. ஓய்வாக இருக்கும்போதும் உடலின் இரத்தம் முழுவதும் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் நுரையீரலைச் சுற்றி வந்துவிடுகிறது. அங்கே கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகள் இருக்கின்றன. அவற்றை விரித்துப் பரப்பினால் 20 அடிக்கு 20 அடியுள்ள வகுப்பறைகள் இரண்டின் தரையை மூடலாம். இரத்தத்தையும் காற்றையும் பிரிப்பது மிக மெல்லிய சவ்வே. ஆவியாகும் பொருள் எதுவாயினும் இரத்தத்திலிருந்து அதனைக் கடந்து மூச்சில் ஏறிவிடும்.

இவ்வழியைப் பயன்படுத்தும் சோதனைகள் சில மருத்துவமனைகளில் ஏற்கெனவே வழக்கத்தில் உள்ளன. மனித உடல் தானே ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்குவதில்லை. குடலிலுள்ள நுண்ணுயிர்களே உண்டாக்குகின்றன. பாலிலுள்ள சர்க்கரை செரிக்காதவருக்கு அச்சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்தால், அது சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குச் சென்று புளிக்கும். மூச்சில் ஹைட்ரஜன் ஏறும். தொடக்க அளவைவிடப் பத்து இலட்சத்தில் 20 பங்கு உயர்ந்தால் பால் சர்க்கரை செரிக்கவில்லை என்று கொள்வர். இரைப்பைப் புண்ணுக்குக் காரணமான ஒரு நுண்ணுயிரைக் கண்டதற்காக ஆஸ்திரேலியரான பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்நுண்ணுயிர் யூரியாவைச் சிதைக்கவல்லது. எனவே அடையாளமிட்ட கரியணு கொண்ட யூரியாவை விழுங்கச் செய்து, அக்கரி மூச்சில் வருகிறதா என்று பார்த்தே அதனைக் கண்டறிகின்றனர். மூச்சுக்குழல் அழற்சியுள்ள ஆஸ்துமா நோயாளியின் மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு மிகும். அதனை அளக்கும் கையடக்கக் கருவிகளும் இருக்கின்றன.

குடல் அழற்சி நோயில் சிக்கல் யாதெனில், தேடவேண்டிய பொருள்களின் அளவு மிகச் சிறிது. 1971இல் அமெரிக்க அறிஞர் லைனஸ் பாலிங், மூச்சை உறைய வைத்துச் சேர்த்து ஆராய்ந்து, அதில் ஏறக்குறைய 250 பொருள்கள் இருப்பதாகக் காட்டினார். பிற்காலத்தார் கண்டவை இன்னும் பல. அவற்றுள் பல, நூறு கோடியில் ஒரு பங்கு என்னும் அளவிலேயே இருக்கின்றன. நூறு கோடியில் ஒன்று என்றால் எவ்வளவு? 32 ஆண்டுகளில் ஒரு நொடி! என் ஆசிரியப் பணிக்காலம் முழுவதிலும் ஒரே ஒரு நொடியைத் தேடிப் பிடிப்பது போன்றது அது.

அத்தகைய நுட்பத்தைத் தருவது நிறை நிறமாலைமானி என்னும் கருவி. களத்தில் நெல்லைத் தூற்றும்போது கனத்த மணி அருகிலும் பதர் தொலைவிலும் விழுவதைக் கண்டிருக்கிறோம். அதுபோல, மூச்சிலுள்ள மூலக்கூறுகளுக்கு மின்னேற்றம் கொடுத்து, அவற்றை எடை வாரியாகப் பிரித்து எண்ணுகிறது அக்கருவி. 1976இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் டேவிட் ஸ்மித்தும் நைஜல் ஆடம்சும் உருவாக்கிய ஒரு முறை பின்னாளில் மூச்சை உடனுக்குடன் அளக்கும் கருவியாயிற்று.

அழற்சியுள்ள உடலில் எப்பொருளைத் தேடுவது? வெள்ளணுக்கள் போரிடும்போது கடுமையான உயிர்வளிச் சேர்மங்களை உமிழ்கின்றன. அவை அருகிலுள்ள உயிரணுச் சவ்வுகளின் கொழுப்பைத் தாக்கிச் சிதைக்கின்றன. திறந்து வைத்த கடலை எண்ணெய் நாள்பட்டால் சிக்கு வாடை அடிப்பதும் இதே வகைச் சிதைவினால்தான். உடலில் இவ்வாறு கொழுப்பு சிதையும்போது ஈத்தேன், பென்ட்டேன் ஆகிய வாயுக்கள் உண்டாகி மூச்சில் வெளிவருகின்றன. குடல் அழற்சி முனைப்பாக உள்ளோர் மூச்சில் பென்ட்டேனும் ஈத்தேனும் மிகுந்திருப்பதை 1993, 1994ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள் காட்டின. அழற்சியால் குடலின் நுண்ணுயிர்க் கூட்டமும் மாறுகிறது. அவை விடும் வாயுக்களும் மாறுகின்றன.

குழந்தைகளிடம் செய்த ஆய்வுகளுள் 2014இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரிலிருந்து வெளிவந்தது குறிப்பிடத்தக்கது. நோயுற்ற 62 பேர், நலமுள்ள 55 பேர் ஆகியோரின் மூச்சை ஒப்பிட்டனர். ஆக்டீன், டெசீன், நொனீன் முதலிய பொருள்களின் அளவைக் கொண்டு நோயுற்றவரையும் நலமுள்ளவரையும் பெரும்பாலும் சரியாகப் பிரிக்க முடிந்தது. 2017இல் இத்தாலியின் டிரியெஸ்தே நகரத்தாரும் வேறு கருவி கொண்டு குழந்தைகளின் மூச்சை ஆராய்ந்து, நோய்க்குரிய தனி முத்திரை மூச்சில் பதிகிறது என்னும் கருத்துக்கு வலு சேர்த்தனர். கைரேகை போல் மூச்சுக்கும் ஒரு ரேகை உண்டு என்பது அவர்கள் துணிபு.

அப்படியானால் கருவியை ஊர்தோறும் வைத்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் பொறுமை வேண்டும். ஆய்வுகள் சிறியவை, ஓரிடத்தார் கண்ட பொருள்களையே மற்றோரிடத்தார் காண்பதில்லை. கருவி மாறினால் கணக்கும் மாறுகிறது. மூச்சு உண்ட உணவைச் சொல்லும். குடித்த மருந்தைச் சொல்லும். சுற்றியுள்ள காற்றையும் சொல்லும். விறகடுப்புப் புகையிலிருந்து எழுந்து வந்த குழந்தை, சாலையில் லாரிப் புகையைச் சுவாசித்து வந்த குழந்தை, இவர்களின் மூச்சில் எது குடலின் சேதி, எது வழியில் ஏறியது என்று பிரிப்பது எளிதன்று. இரவு முழுவதும் பட்டினி இருந்து, முதலில் வரும் மூச்சை விட்டுவிட்டு, நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் கடைசி மூச்சைப் பைகளில் பிடிப்பது இக்காரணத்தினாலேயே.

இன்னொரு தடை நம் நாட்டுக்கே உரியது. கிளீவ்லாந்து ஆய்வில் கிரோன் நோயையும் பெருங்குடல் புண் நோயையும் மூச்சால் பிரித்தறிய இயலவில்லை. நமக்கோ மூன்றாவது ஒன்றையும் பிரித்தாகவேண்டும், அதுவே குடற்காசம். கிரோன் நோயும் குடற்காசமும் இரட்டைப் பிள்ளைகள் போல் ஒத்திருக்கும்; உள்நோக்கியால் கண்டவர்களே மயங்குவதுண்டு. ஒன்றுக்கு உரிய மருந்து மற்றொன்றுக்குப் பகை. கிரோன் நோயை அடக்கத் தரும் மருந்து உடலின் எதிர்ப்பாற்றலைத் தணிப்பது. காசமுள்ளவருக்கு அதனைக் கொடுத்தால் நோய் காட்டுத்தீயாகும். "ஏதோ அழற்சி இருக்கிறது" என்று மட்டும் சொல்லும் சோதனையை நம்பி நம் நாட்டில் மருந்து தொடங்க முடியாது. என் மாணவன் ஆறு மாதம் காச மருந்து உண்டதை நினைத்துப் பார்க்கும்போது, அம்மருத்துவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை.

எனவே மூச்சுச் சோதனை எந்நாளும் உள்நோக்கியின் இடத்தை முழுதும் பிடிக்கும் என்று எதிர்பார்ப்பது தகாது. அது சல்லடையாகப் பயன்படலாம். வயிற்றுவலி என்று வரும் குழந்தைகள் பலர். அவர்களுள் அழற்சி நோயுள்ளவர் சிலரே. யாரைப் பெரிய மருத்துவமனைக்கு விரைந்து அனுப்பவேண்டும், யாருக்குக் குழாய்ச் சோதனை வேண்டுவதில்லை என்று பிரித்துக் காட்டினால் அதுவே பேருதவி. நோய் உறுதியான பின்னும், மருந்து வேலை செய்கிறதா என்று திரும்பத் திரும்ப அறியவேண்டியிருக்கிறது. அதற்கும் வலியற்ற சோதனை வேண்டும். அரியலூரில் 2022ஆம் ஆண்டு முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடைபெறுகிறது. இத்தகைய கருவி ஒரு நாள் அங்கும் வந்து சேரலாம்.

ஆனால் அந்நாள் வரை நாம் கைகட்டி இருக்க வேண்டுவதில்லை. வலியில்லாத சல்லடை ஒன்று இப்போதே இருக்கிறது; நாம்தான் அதனிடம் வெட்கப்படுகிறோம். மலத்தைப் பார்த்து நோயறிதல் எண்வகைத் தேர்வில் ஒன்று என்று முன்னர்க் கூறினேன் அல்லவா? இன்றைய மருத்துவமும் அங்கேயே வந்து நிற்கிறது. குடலில் அழற்சி இருந்தால் வெள்ளணுக்கள் குடலுக்குள் கசிந்து, கால்புரொடெக்டின் என்னும் புரதத்தை மலத்தில் விடுகின்றன. நான்கு வயதுக்கு மேற்பட்டோர்க்கு ஒரு கிராம் மலத்தில் 50 மைக்ரோகிராமுக்குக் குறைவாக இருந்தால் அழற்சி இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அளவு மிகுந்தால் அதுவே அழற்சி நோய் என்று முடிவு கட்டக்கூடாது. வேறு தொற்றுகளிலும் மிகும். ஆயினும் மேலே செல்லவேண்டுமா என்பதற்கு அது நல்ல வழிகாட்டி. பெரிய நகரங்களின் ஆய்வுக்கூடங்களில் இச்சோதனை நடைபெறுகிறது. சிறு புட்டியில் மலம் கொடுக்க நாணி, "அதெல்லாம் எதற்கு?" என்று திரும்பி வரும் பெற்றோர் இன்றும் இருக்கின்றனர். மூச்சை ஆராய்வது நாகரிகம், மலத்தை ஆராய்வது அருவருப்பு என்று நோய் பார்ப்பதில்லை.

பெற்றோர் கவனிக்கவேண்டியவை இவை: நான்கு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் பேதி, மலத்தில் இரத்தம், இரவில் தூக்கத்திலிருந்து எழுந்து மலம் கழிக்க ஓடுதல், ஓயாத வயிற்றுவலி, எடை குறைதல், காரணமில்லாக் காய்ச்சல், சோகை, மூட்டுவலி, ஆசனவாயைச் சுற்றிப் புண். இவற்றுள் எதுவும் இல்லாமல், உயரம் கூடாமல் நிற்பது ஒன்றே முதல் அறிகுறியாக இருப்பதும் உண்டு. பள்ளி வயதுக் குழந்தை ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வளரவேண்டும். பூச்சி மாத்திரை கொடுப்பது நல்லதே. கொடுத்தும் குணம் இல்லையென்றால் அதனையே மீண்டும் மீண்டும் கொடுத்துக்கொண்டிராமல் குழந்தை மருத்துவரிடம் செல்லவேண்டும். அவர் உள்நோக்கிச் சோதனை வேண்டும் என்றால் தள்ளிப்போடக் கூடாது.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல். "வெளியே போய் வரட்டுமா?" என்று கேட்கும் பிள்ளையை அனுப்புங்கள். பாடத்தை வெறுத்துச் சாக்குச் சொல்பவன் பத்தில் ஒன்பது பேராக இருக்கலாம். பத்தாமவனைக் கண்டறிய அவர்களை நிறுத்திவைப்பது வழி அன்று. அடிக்கடி கேட்பவனாயின், தனியே அழைத்து, மற்றவர் கேட்காதவாறு, மெதுவாக விசாரியுங்கள். தன் குடலைப் பற்றிப் பேச நாணும் பிள்ளை, நாம் கேட்காதவரை வாய் திறக்காது.

இந்நோய்க்கு முற்றும் தீர்வு இன்னும் இல்லை; ஆனால் அடக்கி வைக்கும் வழிகள் பல உள்ளன. கிரோன் நோயுள்ள குழந்தைகளுக்கு ஆறு முதல் எட்டு வாரம் வரை வேறு உணவின்றி, தனியே தயாரித்த நீருணவை மட்டும் கொடுத்து அழற்சியைத் தணிப்பதும் அவற்றுள் ஒன்று. என் மாணவருக்கு அறுவை சிகிச்சையும் தேவைப்பட்டது. இன்றும் மருந்து உண்கிறார், உழைத்து வாழ்கிறார், நண்பர்களைவிட ஒரு சாண் குட்டையானவர். இளமையில் இழந்த அந்த இரண்டு மூன்று ஆண்டுகளை உடல் திருப்பித் தரவில்லை. மகளைப் பற்றி அவர் கவலையுற்றதற்குக் காரணம் இப்போது விளங்கும்.

சில வாரங்கள் கழித்து அவர் மீண்டும் வந்தபோது விடை கூறினேன். "தம்பி, நீங்கள் படித்தது பொய் அன்று. மூச்சு குடலின் சேதியைச் சொல்கிறது. ஆனால் அம்மொழியை ஐயமின்றிப் படிக்க இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். அதற்கென்று குழந்தையை அழைத்துக்கொண்டு ஊர் ஊராக அலையவேண்டாம். தந்தைக்கு இருந்தால் மகளுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்று மிகுதிதான். எனினும் பெரும்பாலோர்க்கு வருவதில்லை. இவள் ஓடுகிறாள், உண்கிறாள், நலமாகவே இருக்கிறாள். கண்காணித்துக்கொண்டு இருந்தால் போதும்."

அவர் முகம் தெளிந்தது. சிறுமிக்கு விளையாட்டுக் காட்டலாம் என்று எண்ணி, சுண்ணாம்புத் தெளிநீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி வைத்தேன். அவள் கன்னம் புடைக்க ஊதினாள், நீர் வெளுத்தது. "நானும் இப்படித்தான் ஊதினேன், சார்" என்றார் தந்தை. ஆம், அவனும் அந்த வகுப்பில் ஊதியவன்தான். அவன் மூச்சில் அன்றே வேறு சேதியும் இருந்திருக்கும். அதைக் காட்டும் நீர் என்னிடம் இல்லை. ஆனால் பதிவேடு இருந்தது.

புறப்படும்போது அவரிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்தேன். ஆறு மாதத்திற்கு ஒருமுறை மகளின் உயரத்தையும் எடையையும் தேதியிட்டு எழுதி வரச் சொன்னேன். எழுதும்போதெல்லாம் முந்தைய வரியையும் ஒருமுறை படித்துப் பார்க்கச் சொன்னேன்.